ஆர்வமில்லை என்று அமுக்கினேன்

ஜூன் 3, செவ்வாய்

ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கொடுத்தே பாதி ஆயுசைக் கழித்தவன் நான். விழுந்தது எங்கே என்றால் சொந்த வீட்டுக்குப் பின்னால், பொடக்காளியில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி. வலது கால் எலும்பு முறிந்துவிட்டது. ஒன்றரை மாதத்துக்கு அந்தக் கால் தரையில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோபி டிப்போவில் விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. இந்த டைரி உரக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்தது. இத்தனை நாள் வெள்ளையாகக் கிடந்தது. வேறு வேலை இல்லாததால் எழுதுகிறேன்.

பொழுது போவதற்கு இன்னொன்று போன். மகன் கோகுல்நாத் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தபோது எனக்கும் அவன் அம்மாவுக்கும் ஒரே மாதிரி இரண்டு போன் வாங்கி வந்தான். எனக்குச் சிவப்பு உறை, ருக்குமணிக்குப் பச்சை உறை. எல்லோரும் படம் போட்டு வம்பளக்கிற அந்தச் செயலியை அவனே இரண்டிலும் ஏற்றி, எங்கள் கல்யாண போட்டோவை ஒட்டி, ‘நாச்சிமுத்து ருக்குமணி’ என்று பேரும் வைத்துக் கொடுத்தான். எனக்கு அதைத் திறக்க நேரம் வாய்த்ததில்லை. இன்றைக்குத்தான் திறந்தேன்.

ரவிக்கைக்குப் பின்கழுத்து டிசைன். புள்ளிக் கோலம். பிறகு யாரோ ஒருத்தி பணியாரம் சுடுகிறாள். மறுபடியும் ரவிக்கை. எனக்கு எதற்கு இதெல்லாம் என்று புரியவில்லை.

ஜூன் 4, புதன்

மாரப்பன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். என் வண்டியின் டிரைவர். அவன் ஓட்ட, நான் விசிலடிக்க, கோபிக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே நாங்கள் போட்ட நடைக்குக் கணக்கே இல்லை.

“ஏப்பா மாரப்பா, இதென்ன, யாரு வேணும்னாலும் ஏறுற டவுன் பஸ்ஸாட்ட இருக்குது? கண்டதெல்லாம் வருது” என்று போனைக் காட்டினேன்.

“நீ ஒண்ணும் சொல்லாம இருந்தா அது கண்டதைத்தான் காட்டும். உனக்கு எது புடிக்குமோ அதைத் தேடி ‘பின்தொடர்’னு அமுக்கு. புடிக்காதது வந்தா, மேல ஓரத்துல மூணு புள்ளி இருக்குது பாரு, அதைத் தொட்டு ‘ஆர்வமில்லை’ன்னு அமுக்கு. நாலு நாள்ல உன்ற புத்தி அதுக்குப் புரிஞ்சு போயிரும்.”

காப்பி கொண்டுவந்த ருக்குமணி, “அவரு புத்தி எனக்கே இன்னும் புரியலீங்ண்ணா. அதுக்கு நாலு நாள்ல புரிஞ்சுருமாக்கும்” என்றாள். மாரப்பன் சிரித்த சிரிப்பில் காப்பி கட்டிலில் சிந்தியது.

அவன் போனபிறகு உட்கார்ந்து தேடினேன். காங்கேயம் காளை, ரேக்ளா பந்தயம், பழைய காலத்து பஸ்கள், ஆற்று மீன் பிடிப்பது. நான்கையும் பின்தொடர்ந்தேன். ரவிக்கை, கோலம் இரண்டையும் இறக்கிவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

மாரப்பன் சொன்னது சரிதான். காலையில் திறந்ததும் வெள்ளை வெளேரென்று ஒரு மயிலைக் காளை. என்ன திமில், என்ன கொம்பு! மத்தியானம் வரை காளைகளோடு போயிற்று.

ருக்குமணி மாகாளியம்மன் கோயிலுக்குப் போனாள். அவள் அண்ணன் குமாரசாமி ஒரு மனை பார்த்திருக்கிறார், வாங்கலாமா என்று பூ கேட்க. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. எங்கள் பக்கம் பல பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. ஆனால் இவளுக்குப் பூ கேட்காமல் பொழுதே விடியாது. நான் விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி மாவுக்கட்டா, வைத்தியர் எண்ணெய்க் கட்டா என்று பூ கேட்டு வர ஆளனுப்பிவிட்டாள். அந்த ஆள் திரும்பி வருகிற வரை நான் கல்லோரம் படுத்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

மனைக்குச் சிவப்பு வந்துவிட்டதாம். குமாரசாமி வாங்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இன்றைக்கு ருக்குமணிக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. கட்டிலோரம் மண்ணெண்ணெய் அடுப்பைக் கொண்டுவந்து வைத்து எனக்கு ரசம் வைக்கச் சொல்லிக் கொடுத்தாள்.

“புளியை இம்புட்டு கரைச்சாப் போதுங். நுரை கட்டி வந்தா எறக்கிப் போடோணும். கொதிக்க உட்டீங்கன்னா கெட்டுதுங்.”

“எதுக்குப் புள்ளே எனக்கு இது? நீ எங்க போகப் போறே?”

“எனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா ஓட்டல்லயேவா தின்னுட்டிருப்பீங்?” என்று சிரித்தாள்.

நான் ரசத்தைக் கொதிக்கவிட்டேன். கெட்டுப் போயிற்று. அவள் ஒன்றும் சொல்லாமல் ஊற்றிக் குடித்தாள். மற்ற நாளாக இருந்தால் என் பரம்பரையையே இழுத்திருப்பாள்.

போனில் இன்று புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, மார்பில் கட்டி தட்டுப்பட்டால் பயப்படாதீர்கள், தள்ளியும் போடாதீர்கள் என்கிறார். எழுதவே கூச்சமாக இருக்கிறது. காளைக்கும் ரேக்ளாவுக்கும் நடுவில் இந்த அம்மா எங்கே ஏறினார் என்று தெரியவில்லை. தள்ளிவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

டாக்டரம்மா மறுபடியும் வந்தார். அவர் மட்டும் இல்லை. தலையில் துணி கட்டிய ஒரு பெண், ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதிப்பது எப்படி என்று விளக்கும் ஒரு படம், ‘மீண்டு வந்த பெண்கள்’ என்று ஒரு குழு. நான் என்ன செய்தேன் இதற்கு? மாட்டு மடிக்கட்டி பற்றி ஒருநாள் பார்த்தேன், அதை வைத்துக் குழம்பிவிட்டதோ?

சாப்பிடும்போது ருக்குமணியும் போனைக் குறை சொன்னாள்.

“மாமா, என்ற போன்ல கண்ணைத் தொறந்தா காளை மாடா வருதுங். ஒரு கோலம் காணோம். பழைய பஸ்ஸெல்லாம் வருதுங். எனக்கெதுக்குங் பஸ்ஸு?”

“நல்லதுதானே, பாத்துட்டு இரு. ரவிக்கையை விட மாடு மேல்” என்றேன்.

ஆக அவள் போனிலும் மாடு வருகிறது. ஊருக்கே மாடு பிடித்துவிட்டது போலிருக்கிறது. ஆனால் எனக்கு மட்டும் டாக்டரம்மா எதற்கு?

ஜூன் 11, புதன்

தண்ணீர்க் குடத்தை எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுத் தூக்கி வைக்கச் சொன்னாள். இடது தோள் வலிக்கிறதாம். வயசாகிறது என்று கிண்டல் செய்தேன்.

ஜூன் 12, வியாழன்

குளிக்கப் போனால் வெகுநேரம் வருவதில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தமும் இல்லை. “பாசி கீசி வழுக்கிருச்சா?” என்று கட்டிலில் இருந்தே கத்தினேன். “வர்றனுங்” என்றாள். வந்தபோது கண் சிவந்திருந்தது. சீயக்காய் என்றாள்.

வருகிற வியாழக்கிழமை கோயமுத்தூரில் சின்னம்மா மகள் சுலோச்சனா பேத்திக்குக் காதுகுத்து என்று சொன்னாள். காலையில் போய்விட்டுச் சாயங்காலம் வந்துவிடுவாளாம். பத்திரிகை வரவில்லையே என்றேன். சின்னதாகச் செய்கிறார்களாம்.

ஜூன் 13, வெள்ளி

மானம் போயிற்று.

மச்சான் குமாரசாமி கால் பார்க்க வந்தார். பேச்சு மாட்டுப் பக்கம் திரும்பியது. “இந்தக் காளையைப் பாருங் மச்சான்” என்று போனை அவர் கையில் கொடுத்தேன். அவர் விரலால் ஒரு தள்ளு தள்ளினார். காளை போய் டாக்டரம்மா வந்தார். சும்மா வரவில்லை, ஒரு பெண்ணின் மார்பை வரைந்து, எங்கெங்கே தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அம்புக்குறி போட்ட படத்தோடு வந்தார். குமாரசாமி இருமினார். போனைக் கவிழ்த்துக் கட்டிலில் வைத்தார். அப்புறம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே, “சரிங் மாப்ள, ஒடம்பைப் பாத்துக்கங்” என்று எழுந்து போய்விட்டார். படுத்த படுக்கையில் இவன் இதைத்தான் பார்க்கிறான் என்று நினைத்திருப்பார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லாமலா இருப்பார்?

சாயங்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். டாக்டரம்மா, ஊசிச் சோதனை, தலைத்துணிப் பெண், வந்த ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளி, ஆர்வமில்லை. பின்தொடரும் தலைப்புகள் என்று ஒரு பக்கம் இருப்பதைக் கண்டுபிடித்தேன். அதில் என் காளையோடு ‘மார்பக நலம்’ உட்கார்ந்திருந்தது. நான் எப்போது இதை ஏற்றினேன்? எடுத்துவிட்டேன். ‘மீண்டு வந்த பெண்கள்’ குழுவில் நான் ஓர் உறுப்பினர் என்று போட்டிருந்தது. நானா? அதிலிருந்தும் விலகினேன். டிக்கெட் இல்லாதவர்களை நடுவழியில் விசிலடித்து இறக்கிவிட்ட மாதிரி எல்லோரையும் இறக்கிவிட்டேன். கட்டை விரல் வலிக்கிறது.

இதெல்லாம் நடக்கும்போது ருக்குமணி விளக்கு வைத்துவிட்டு அம்மன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்த வாடை எனக்கு வந்தது, அவளுக்கு வரவில்லை. இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

ஜூன் 15, ஞாயிறு

போன் சுத்தமாகிவிட்டது. காளை, ரேக்ளா, பழைய பஸ், மீன். வேறு ஒரு சனியனும் இல்லை. மாரப்பனுக்குப் போன் செய்து நன்றி சொன்னேன்.

ஜூன் 17, செவ்வாய்

வீடே மாறிவிட்டது. ருக்குமணி காலையில் பருப்பும் வெல்லமும் பூரணம் வைத்து ஒப்புட்டு சுட்டாள். நோம்பி, பண்டிகை ஒன்றும் இல்லை, ஒறம்பரை என்று விருந்தாளி யாரும் வரவில்லை. எதற்கு என்றால், “சும்மாதானுங், தின்னுங்” என்கிறாள். ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே துணி காயப்போட்டாள். தண்ணீர்க் குடத்தை அவளே தூக்கினாள். தூக்கும்போது மட்டும் முகம் ஒரு கணம் சுருங்கியது.

அவள் போனில் இன்னும் மாடுதானா என்று கேட்டேன்.

“மாடுதானுங். மாடு மட்டுந்தானுங் வருது” என்றாள். அதை ஏன் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல வேண்டும்? போன வாரம்தான் மாட்டைத் திட்டினாள். பெண்கள் மனசு மூன்று புள்ளி வைத்தும் புரியாது.

ஜூன் 18, புதன்

பொடக்காளியில் நின்று யாருக்கோ போன் பேசினாள். “இல்லீங், நாளைக்கு வர்லீங். வேற தேதியெல்லாம் வேண்டாங். தேவையில்லீங்” என்றது காதில் விழுந்தது. கேட்டதற்கு, காதுகுத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்றாள். காதுகுத்தைத் தள்ளி வைத்தால் வேறு தேதி தேவையில்லை என்று யாராவது சொல்வார்களா? கேட்கலாம் என்று இருந்தேன். அதற்குள் ரேக்ளா நேரலை வந்துவிட்டது.

ஜூன் 21, சனி

ஒன்றும் விளங்கவில்லை. இன்று சுலோச்சனாவே என் கால் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கப் போன் செய்தது.

“காதுகுத்தை எப்பம்மா வெச்சிருக்கறீங்க?” என்றேன்.

“என்ன காதுகுத்துங் மாமா? என்ற பேத்திக்குப் போன வருசமே குத்தியாச்சே. நீங்ககூடப் பந்தியில நின்னு பரிமாறுனீங்ளே!”

நான்தான் பரிமாறினேன். வாழைக்காய் பஜ்ஜி பற்றாமல் போனதுகூட ஞாபகம் இருக்கிறது. அப்படியானால் ருக்குமணி வியாழக்கிழமை எங்கே போவதாக இருந்தாள்? இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் பொய் சொன்னது கிடையாது. எனக்குக் கோபம் வந்தது. கேட்டால் சண்டையாகிவிடும் என்று பயமும் வந்தது. சாப்பிடும்போது முகத்தைப் பார்த்தேன். சாதாரணமாகச் சோறு போட்டாள். எனக்கு முட்டையும் வைத்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

கோகுல் போன் செய்தான். கால், டிப்போ, மழை எல்லாம் பேசிவிட்டு, வேடிக்கையாகத்தான் சொன்னேன். “ஏண்டா, என்ற போன்ல ரவிக்கை வந்துச்சு, உங்கம்மா போன்ல மாடு வருதாமா. உறையை மாத்திப் போட்டுட்டயா?”

அவன் சிரித்தான். “இல்லீங்ப்பா. ரெண்டு போன்லயும் ஒரே கணக்கைத்தான் போட்டு வெச்சேன். நீங்க பாக்கறதெல்லாம் அம்மாவுக்கு வரும், அம்மா பாக்கறதெல்லாம் உங்களுக்கு வரும். நீங்க எதையாச்சும் வேண்டாம்னா அங்கயும் வராது. அதான் பேரையே சேத்து வெச்சிருக்கனே!”

“ஆளுக்கொண்ணு இல்லையா?”

“இல்லீங்ப்பா, ஒண்ணுதான்.”

சரி என்று வைத்துவிட்டேன். ரவிக்கை அவளுடையது. கோலம் அவளுடையது. பணியாரம் அவளுடையது. காளை என்னுடையது.

டாக்டரம்மா?

அதே நாள், பிறகு

ருக்குமணி கடைக்குப் போயிருக்கிறாள். எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

இடது தோள். குளியலறை. சீயக்காய். ரசம். எல்லாவற்றையும் என் கையாலேயே இந்த டைரியில் எழுதி வைத்திருக்கிறேன், ஒன்றும் புரியாமல். பஸ்ஸில் ஏறுகிறவன் முகத்தைப் பார்த்தே அவன் எங்கே இறங்குவான் என்று சொல்லுகிறவன் நான் என்று பெருமையடித்துக்கொள்வேன். கூடவே பயணம் செய்கிறவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை போகவிருந்தது எங்கே என்று இப்போது தெரிகிறது. ஏன் போகவில்லை என்பதுதான் தெரியவில்லை. பயந்துவிட்டாளா? பயந்தவள் ஒப்புட்டு சுடுவாளா?

அவள் வந்துவிட்டாள். குமாரசாமியும் மனைவியும் கூட வருகிறார்கள். இன்றைக்குக் கேட்க முடியாது.

ஜூன் 23, திங்கள்

கேட்டுவிட்டேன்.

வாக்கரைப் பிடித்து ஒற்றைக் காலில் தத்தி அடுப்படி வரை போனேன். விழுந்தபிறகு அங்கே போனது இதுதான் முதல் தடவை. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள், “அய்யோ, எதுக்குங் எந்திரிச்சு வந்தீங்?” என்று ஓடிவந்து முக்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

“எந்தப் பக்கம் புள்ளே கட்டி இருக்குது?”

துருவல் கையோடு நின்றுவிட்டாள். என் கையைப் பிடித்து இடப்பக்கம் வைத்து அழுத்தினாள். இருந்தது. ஊறப்போட்ட கொண்டைக்கடலை அளவுக்கு, நகராமல், கெட்டியாக.

“ஏன் புள்ளே எங்கிட்டச் சொல்லல?”

“நீங்களே காலை ஒடிச்சுட்டுக் கெடக்கறீங். ரெண்டு பேரும் படுத்துட்டா ஆருங் எந்திரிக்கறது? மொதல்ல டெஸ்ட் எடுத்துட்டு, ஒண்ணுமில்லைன்னா சொல்லிக்கலாம்னு இருந்தனுங். இப்ப அதுவும் வேண்டியதில்லீங். ஒண்ணுமில்லைன்னு அம்மா உத்தரவு குடுத்துட்டா.”

“எந்த அம்மா? பூ கேட்டயா?”

“கோயல்ல போய் இதைக் கேக்க முடியுங்ளா? பூசாரிக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சுரும். போன்ல அந்த டாக்டரம்மா பேசறதைப் பாத்துட்டு இருந்தனுங். பாக்கப் பாக்கப் பயம் புடிச்சுக்கிச்சு. அன்னிக்கு வெள்ளிக்கெழமை வெளக்கு வெச்சு வேண்டிக்கிட்டனுங். தாயே, இது ஒண்ணுமில்லைன்னா இனிமேல் அந்தப் படம் என்ற கண்ணுல படக்கூடாது, ஏதாச்சும் இருந்தா காட்டிட்டே இரு, நான் போறேன்னு. அன்னிக்கே நின்னு போச்சுங் மாமா! ஒண்ணுகூட வர்லீங். நான் சேந்திருந்த குழுகூடக் காணாமப் போச்சு. வெறும் மாடுதானுங் வந்துச்சு. வெள்ளைப் பூ வந்த மாதிரி வெள்ளை வெள்ளையா மாடு.”

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதை உடைக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உடைத்தாக வேண்டும்.

“ருக்கு, அதை நிறுத்துனது அம்மன் இல்ல. நாந்தான்.”

அவளுக்குப் புரியவில்லை. நான்கு விதமாகச் சொன்னேன், அப்போதும் புரியவில்லை. அவள் பச்சைப் போனை எடுத்து வரச் சொன்னேன். என் போனையும் அவள் போனையும் அம்மிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என் போனில் டாக்டரம்மாவைத் தேடிப் பிடித்து, பின்தொடர் என்று அமுக்கினேன். ‘மார்பக நலம்’ தலைப்பையும் திரும்ப ஏற்றினேன். அவளை அவள் போனைத் திறக்கச் சொன்னேன். முதலில் காளைதான் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். கீழே தள்ளச் சொன்னேன். கண்ணாடி போட்ட டாக்டரம்மா வந்து, தள்ளிப் போடாதீர்கள் என்றார்.

ருக்குமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப ஆத்தா ஒண்ணுமே சொல்லலீங்ளா?”

“சொல்லல.”

“ஒண்ணுமே சொல்லலீங்ளா?” என்று மறுபடியும் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். என்னால் குனியக்கூட முடியாது. முக்காலியில் உட்கார்ந்தபடி அவள் தலையைப் பிடித்து என் மாவுக்கட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். நானும் அழுதேன். அன்றைக்கு மச்சானுக்கு முன்னால் மானம் போகிறதே என்று அமுக்கினேன். இவளுடைய உயிரை அமுக்கினேன் என்று தெரியாமல் போயிற்று.

ஜூன் 24, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று பூ கேட்க வேண்டும் என்றாள்.

“கேளு. ஆனா வெள்ளை வந்தாலும் போறோம், செவப்பு வந்தாலும் போறோம்.”

“அப்பறம் எதுக்குங் கேக்கறது?”

அரளி பறிக்கக் கூடையை எடுத்தாள். “சரிங், எந்தக் கெழமை போறதுன்னு மட்டும் கேட்டுக்கறனுங்.” சரி என்றேன். புதனுக்குச் சிவப்பு, வியாழனுக்கு வெள்ளை. அம்மனுக்கும் என்மேல் கொஞ்சம் இரக்கம் இருக்கிறது. மாரப்பனுக்கு வியாழன்தான் ஓய்வு நாள்.

ஜூன் 26, வியாழன்

கோயமுத்தூர். மாரப்பன் தன் அக்கா மகன் காரை வாங்கி ஓட்டி வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் ஒரு பையன் சக்கர நாற்காலியை உருட்டிவந்து என்னை உட்காரவைத்துவிட்டான். நர்சம்மா, “பேஷண்ட் பேரு சொல்லுங்க ஐயா” என்று என்னைக் கேட்டார். நான் ருக்குமணி என்றேன். அவர் என் மீசையைப் பார்த்தார். நோயாளி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்க, நோய் இல்லாதவன் ராஜா மாதிரி சக்கரத்தில் போனேன். ருக்குமணிக்கு அங்கேயும் சிரிப்பு வந்துவிட்டது.

ஊசி போட்டு எடுத்தார்கள். கதவுக்கு வெளியே நான் மட்டும். போனைத் திறக்கவே இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

காத்திருக்கிறோம். ரசம் வைத்தேன். இன்றைக்குக் கொதிக்க விடவில்லை.

ஜூலை 2, புதன்

கெட்ட கட்டிதான். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். “ஆனா சின்னது. ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. மொதல்ல ஆபரேஷன், அப்புறம் கொஞ்ச நாள் மருந்து ஏத்தணும். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா இதையே வேற மாதிரி சொல்லியிருப்பேன்.”

ருக்குமணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “வலது கையில கோலம் போடலாமுங்ளா?” போடலாம் என்றார். திரும்பி வரும்போது லீவு போட்டுக் கார் ஓட்டி வந்த மாரப்பன் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

கோகுல் விடுப்பு போட்டு வருகிறான். போனில் அழுதான். அப்புறம், “நான் வந்து ரெண்டு பேருக்கும் தனித்தனிக் கணக்கு ஆரம்பிச்சுத் தந்தர்றனுங்ப்பா, இனிமேல் இந்தக் குழப்பமே வேண்டாம்” என்றான்.

ருக்குமணி என் கையிலிருந்து போனை வாங்கினாள். “வேண்டாஞ் சாமி. இப்படியே இருக்கட்டும். நான் வாயில சொல்லாததை உங்கப்பன் அதுலயாச்சும் பாக்கட்டும்” என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

காலையில் போனைத் திறந்தேன். முதலில் டாக்டரம்மா. அடுத்து ஒரு மயிலைக் காளை. அதற்கடுத்து, மருந்து ஏற்றினால் தலைமுடி எப்போது கொட்டும், திரும்ப எப்போது முளைக்கும் என்று ஒன்று. அதையொட்டியே சவுரி முடி விளம்பரம் இரண்டு.

முடியைப் பற்றி ருக்குமணி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்றுச் சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று சடையை முன்பக்கம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும் பின்னால் தள்ளிவிட்டாள். அவளுக்கு இன்னமும் இடுப்பு வரை சடை. எங்கள் கல்யாணத்தில் அதற்குப் பூ வைத்து முடிக்கவே முகூர்த்தம் தள்ளிப் போனது.

போய்ப் பேசலாமா என்று பார்த்தேன். என்ன பேசுவது? கவலைப்படாதே என்று ஊரே சொல்கிறது, நான் சொல்லித்தானா?

மூன்று புள்ளியைத் தொடவில்லை. தேடுகிற இடத்தில் ‘பழனி மொட்டை’ என்று அடித்தேன். சந்தனம் பூசிய தலைகளாக வந்தன. தகப்பனும் மகனும், தாத்தாவும் பேரனும், புருஷனும் பெண்டாட்டியும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கடைசியில் அந்தத் தலைப்பைப் பின்தொடர்ந்தேன். பிறகு போனை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. குக்கர் விசில் வந்தது. அப்புறம் அடுப்படியில் இருந்து குரல்.

“மாமா, என்ற போன்ல என்னுங் ஒரே மொட்டையா வருது? ஆருக்குங் மொட்டை?”

“ரெண்டு பேருத்துக்குந்தான் புள்ளே.”

கரண்டியைக் கீழே வைப்பது கேட்டது. முந்தானையால் மூக்கைச் சிந்துவது கேட்டது. வாசற்படி வரை வந்து நின்று என் தலையை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள்.

“உங்க மண்டைக்கு நல்லா இருக்காதுங்” என்றாள்.